காருக்குக் காய்ச்சல்

நம் லேப்காரரிடம் ஏதாவது ஒரு எண்ணைக் காட்டினால் போதும், கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவார். மனிதர் வாய் திறந்து சொன்னால்தான் நம்பமாட்டார். காலமெல்லாம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குப்பிகளோடு குடித்தனம் நடத்தினால் யாருக்கும் இந்தப் புத்திதான் வரும். மனைவி தலை வலிக்கிறது என்று படுத்தால், எவ்வளவு வலிக்கிறது என்று கேட்பார். அவள் எந்தக் கணக்கில் சொல்வாள், பாவம்? தலையணையை எடுத்து எறிவாள்.

அவரிடம் ஒரு கார் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. வாங்கும்போதே வேறு யாரோ ஓட்டி அலுத்துப்போனது. இடது பக்கக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டுத் திறந்துவிடச் சொல்ல வேண்டும். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் என்றைக்கோ படுத்தது, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. இருந்தும் அந்தக் காரென்றால் அவருக்கு உயிர். அவர் மனைவிக்கோ அது சனியன். காரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதை எப்படித் தள்ளுவது என்பது மட்டும்தான்.

ஒரு நாள் கொட்டுகிற மழையில், நாற்சந்தியின் நட்டநடுவில், பின்னால் ஒரு பஸ் கத்திக்கொண்டிருக்க, சனியன் நின்றுவிட்டது. யாரோ கதவைத் திறந்துவிட, அவள் இறங்கித் தள்ளினாள். புதுச் செருப்பின் வார் அறுந்தது. அறுந்த செருப்பை அவள் பத்திரமாகக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அதுதான் ஆபத்து.

அவள் வேலை பார்ப்பது மூக்குக் கண்ணாடிக் கடையில். அங்கே கண்ணாடி மாற்ற வந்த நீச்சல் மாஸ்டர் ஒருவருக்குப் பழைய கார்கள் மேல் தீராத ஆசையாம். அவள் விடுவாளா? அவர் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்து முடிப்பதற்குள் பேச்சை முடித்துவிட்டாள். மாதக் கடைசியில் வந்து காரைப் பார்த்து எடுத்துக்கொள்வதாக மாஸ்டர் ஒத்துக்கொண்டார்.

கேட்டதும் லேப்காரருக்குச் சோறு இறங்கவில்லை. கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார். கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார்.

"ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கி மாட்டறேன். எஞ்சின் எவ்ளோ சூடாகுதுன்னு அது சொல்லட்டும். நம்பர் நல்லா இருந்தா வண்டி நம்மகிட்டயே இருக்கணும். மோசமா இருந்தா, நானே என் கையால சாவியக் குடுத்துடறேன்."

அவள் யோசித்தாள். மெக்கானிக் பக்கம் போய் ஒரு காசுகூடச் செலவழிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டாள். சரி என்றாள்.

மீட்டர் வந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய திரை, வால் போல நீண்ட ஒரு ஒயர், ஒயரின் நுனியில் சூட்டை அளக்கும் சின்ன உலோக மொட்டு. விடுமுறை நாளில் அவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை விட்டுப் படுத்தார். கால் இரண்டும் தெருவில் கிடந்தன. சிவப்பு ஒயரை ஃபியூஸ் பெட்டியில் சேர்த்தார், கறுப்பைக் காரின் இரும்பு உடம்பில் முடுக்கினார். வால் ஒயரை முன்பக்க ரப்பர் ஓட்டை வழியாக எஞ்சின் பக்கம் விட்டு, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீர் போகிற குழாயின் கழுத்தில் மொட்டை வைத்துக் கட்டினார். பரிசோதனைக் கூடத்து ஆள் அல்லவா, நரம்பு தேடுகிற கை. வேலை படுசுத்தம். ஒரு திருகு மட்டும் மிச்சம் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

திரையை டாஷ்போர்டில் ஒட்டினார். எந்தச் சூட்டைத் தாண்டினால் கத்த வேண்டும் என்று திரை கண் சிமிட்டிக் கேட்டது. இங்கேதான் மனிதர் விழுந்தார். மூளையைக் கேட்காமலே விரல் போய் 37.5 என்று வைத்துவிட்டது. அதற்கு மேல் போனால் காய்ச்சல், அவ்வளவுதானே? கார் எஞ்சின் தொண்ணூறு டிகிரி வாக்கில்தான் ஒழுங்காக ஓடும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். காரே வைத்திருக்கிற மனிதருக்குத் தெரியவில்லையே, நான் என்ன செய்ய?

மறுநாள் தெருமுனை திரும்புவதற்குள் மீட்டர் காதைக் கிழித்தது. நாற்பது. லேப்காரர் திரையைத் தட்டிப் பார்த்தார். நாற்பத்தெட்டு, ஐம்பத்தைந்து, அறுபது. இந்த அளவில் ஒரு ஆள் வந்திருந்தால் படுக்கையோடு அல்லவா தூக்கி வந்திருப்பார்கள்! ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தி, கர்ச்சீப்பைத் தண்ணீரில் நனைத்து பானெட்டின் மேல் போட்டார். காருக்கு அதுதான் நெற்றி என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

அன்றிலிருந்து பத்து நிமிடத் தூரம் போக அரைப்பொழுது ஆனது. கத்தும், நிறுத்துவார், துணி போடுவார், ஆறும், கிளம்புவார், கத்தும். பெட்ரோல் போடும் முன் ஒரு தடவை அளந்தார், போட்டபின் ஒரு தடவை அளந்தார். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று. இரண்டுமே மோசம். பெட்ரோல் பங்கில் இருந்தவர்கள் அவரைப் பார்த்தாலே வேறு குழாய்க்கு நகர்ந்தார்கள்.

அவர் மனைவிக்கு முதலில் ஒரே கொண்டாட்டம். நான் அப்பவே சொன்னேனே, இது உருப்படாத வண்டி என்று கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஆனால் ஒரு மத்தியானம் கடையிலிருந்து வெளியே வந்தபோது, கொளுத்துகிற வெயிலில் அவர் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ரேடியேட்டருக்கு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அட்டையை வாங்கித் தானும் விசிறினாள்.

அப்புறம் அவளே பழகிவிட்டாள். கைப்பையில் ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் ஏறின. மீட்டர் கத்தியதும் அவர் போய்க் கதவைத் திறந்துவிடும்வரை பொறுமையில்லாமல் ஜன்னல் வழியாகவே ஈரத்துண்டை நீட்டுவாள். துண்டு எந்தப் பக்கம் சீக்கிரம் காய்கிறது, எந்த மரத்தடியில் சீக்கிரம் ஆறுகிறது என்பதெல்லாம் அவருக்கு முன் அவளுக்குத் தெரிந்தது. ஒரு சாயங்காலம் துண்டைப் பிழிந்து போட்டபடி, "என்னடா பண்ணுது உனக்கு?" என்று காரைக் கேட்டாள். லேப்காரர் கேட்காததுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மாதக் கடைசியும் வந்தது. நீச்சல் மாஸ்டர் தன் புத்தம்புதுக் காரில் வந்து, அவர்கள் காருக்கு எதிரே மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி நிறுத்தினார். லேப்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரவெல்லாம் தூங்கவில்லை. ஆனாலும் வாழ்நாளில் ஒரு ரிப்போர்ட்டைக்கூட மாற்றி எழுதாத மனிதர், இப்போதா பொய் சொல்லுவார்?

"உள்ளதச் சொல்லிடறேன் சார். வண்டிக்குத் தீராத காய்ச்சல். அறுபது, எழுபதுன்னு போகுது. தெரிஞ்சு வாங்கிக்கோங்க."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அறுபது என்றால் அதிகமா என்று கேட்டார். அவருக்கும் நீச்சல்குளத்துத் தண்ணீரின் சூடு ஒன்றுதான் தெரியும். லேப்காரர் தொழில்முறைப்படி யோசித்தார். ஆரோக்கியமான ஆளின் ரத்தத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எந்த நோயாளிக்கும் அவர் தீர்ப்பு எழுதுவதில்லை. உங்கள் புதுக் காரில் ஒரு தடவை வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டு, மொட்டை அவிழ்த்து எதிர்க் காரின் குழாயில் கட்டினார்.

தொண்ணூற்றொன்று. மீட்டர் தெருவையே கூட்டியது.

மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. போன மாதம்தான் வாங்கினேன் என்று நாக்குழறினார். லேப்காரரின் மனைவி சும்மா நிற்பாளா? ஓடிப்போய் இன்னொரு துண்டை நனைத்துக்கொண்டு வந்து புதுக் காரின் நெற்றியிலும் போட்டாள். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேன் போடுகிறவர் வேனைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். அதிலும் கட்டினார்கள். எண்பத்தெட்டு. காலையிலிருந்து நன்றாகத்தானே ஓடியது என்று கேன்காரர் வேனைத் தடவிக்கொடுத்தார். மூன்று வண்டி, மூன்று ஈரத்துண்டு, சுற்றி நான்கு பேர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதுபோல நின்றார்கள்.

லேப்காரர் மெல்லத் தலையில் கை வைத்தார்.

"ஒருத்தருக்குக் காய்ச்சல்னா அவருக்கு உடம்பு சரியில்ல. வர்றவங்க எல்லாருக்கும் காய்ச்சல்னா..." அவர் குரல் இறங்கியது. "லேபுலதான் கோளாறு."

மீட்டரின் பொத்தானை அழுத்திப் பார்த்தார். 37.5 என்று திரை சிரித்தது. கார்கள் வேர்வை சிந்துகிற ஜாதியில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். கேன்காரர், நல்ல ஆளய்யா நீர் என்று துண்டைப் பிழிந்து கொடுத்துவிட்டுப் போனார்.

சிரித்து முடித்த மாஸ்டர் சாவிக்குக் கை நீட்டினார். பழைய வண்டி இவ்வளவு திடமாக இருக்கிறதென்றால் இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

நியாயப்படி லேப்காரர் ஜெயித்துவிட்டார். எண் நல்ல எண். ஆனால் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு மாதம் அவளை வெயிலில் நிற்க வைத்தாயிற்று. எந்த முகத்தோடு ஜெயித்தேன் என்பார்? சாவியை மாஸ்டரிடம் கொடுக்காமல் அவளிடம் நீட்டினார்.

"டெஸ்ட் பண்ணது தப்பு. ரிப்போர்ட் செல்லாது. நீயே முடிவு பண்ணு."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். மாஸ்டரிடம், வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டாள். நீச்சல்குளத்து வாசலில் என்றார். நிழல் இருக்கிறதா? இல்லை. இடது கதவு உள்ளேயிருந்து திறக்காது, யார் திறந்துவிடுவார்கள்? அதை மாற்றிவிடலாம் என்றார். உள்ளே இருக்கிற பழைய சீட்டுகளை? அதையும் மாற்றிவிடலாம். வெளியே பளபளவென்று வேறு நிறம் அடித்துவிடலாம் என்று உற்சாகமாகச் சேர்த்துக்கொண்டார்.

அவள் பானெட்டின் மேலிருந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி அதே இடத்தில் விரித்தாள்.

"இல்ல சார், நான் குடுக்கல. ஒரு மாசமா நெத்தியில துணி போட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டிருக்கேன். குணமானதும் அடுத்தவங்க கையில தூக்கிக் குடுத்துடணுமா?"

மாஸ்டர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். லேப்காரர் ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு, ஒயரைச் சரிசெய்கிற சாக்கில் அழுதுகொண்டிருந்தார்.