கடைசி மூட்டையிலிருந்து

நாவல் படித்து முடித்தவர்கள் ஒரு மாதத்துக்குள் நூலகத்தின் மூன்றாவது மாடிக்குப் போய், மனசுக்கு எப்படி இருந்தது என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அந்த நூலகத்துக்கு மாடி கிடையாது. செவத்தியான் படியேறிப் போனார்.

அரிசிக் கிட்டங்கியில் முப்பத்தாறு வருஷம் மூட்டை தூக்கிய உடம்பு. முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியபோது வயது ஐம்பத்து நான்கு. இந்த மாதம் நான்கு நாவல்களை முடித்திருந்தார்.

சொல்வது நாவலோடு ஒத்துவராவிட்டால் எழுத்துகளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அவருக்கு முன்னால் நின்றவரிடம் ககர வரிசையை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். பஸ் போர்டைப் படித்துச் சொல்ல ஆள் தேடி நின்ற காலம் செவத்தியானுக்கு நினைவு வந்தது.

எத்தனை பக்கம் படித்தோமோ அத்தனை அடி நீளும் நடை. அவர் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு அடி நடந்தார். நடுவில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. சாய்ந்து நின்றுவிட்டுப் போனார்.

மேசைக்குப் பின்னால் அதிகாரி தங்கபுஷ்பம் இருந்தார். காலடியில் காலிச் சாக்கு.

"கொலைக் கதை வாசிச்சீரே. எப்படி இருந்துச்சு?"

நிம்மதியாக இருந்தது என்றார் செவத்தியான். போலீஸ் ஒருத்தனைப் பிடித்து, பிறகு விட்டுவிட்டது. தரையில் கிடந்த ரத்தம் உடம்புக்குள் ஏறியது. கடைசியில் பண்ணையார் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார்.

ராஜா கதையில் போருக்குப் போன அத்தனை பேரும் வீடு திரும்பினார்கள். ராஜா தொட்டிலில் கிடந்தார், யார் மேலும் கோபமில்லை. காதல் கதையில் இரண்டு பேரும் ஓயாமல் சண்டை போட்டு, கடைசியில் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை என்று ஆனது. தப்பித்தார்கள். பேய்க் கதையில் அந்தப் பெண் கிணற்றிலிருந்து ஏறி, தலை சீவி, சந்தைக்குப் போய் வெண்டைக்காய் வாங்கினாள். பிஞ்சாகப் பொறுக்கினாள்.

தங்கபுஷ்பம் பேனாவை மூடினார்.

"எங்க இருந்து வாசிச்சீரு?"

"கடைசி அத்தியாயத்துல இருந்துதாம்மா. லாரியில கடைசியா ஏத்துன மூட்டையத்தான முதல்ல இறக்கணும். அடியில கிடக்கத உருவுனா ஆள அமுக்கிரும்."

அதிகாரி எழுத்துகளைத் திரும்ப வாங்கிப்போடச் சாக்கை எடுத்து வாயை விரித்தார். சாட்சி இருந்தால் சொல்லலாம் என்றார்.

சுவரோரம் பெஞ்சில் பண்ணையார் உட்கார்ந்திருந்தார். சட்டையில் கத்திக் கிழிசல். உள்ளே பனியன் வெள்ளையாக இருந்தது.

"மத்தவங்க எல்லாரும் என்னைய எழுப்பி உட்கார வச்சு, மூணாம் பக்கத்துல குத்திட்டுப் போயிருவாங்க. இவரு ஒருத்தர்தான் காபி வரைக்கும் கொண்டாந்து விட்டாரு," என்றார்.

தங்கபுஷ்பம் சாக்கை உதறினார். பிறகு நான்காக மடித்தார். படிவத்தில் 'நிம்மதி' என்று எழுதி முத்திரை குத்தினார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார்.

"இது நாவலு இல்ல. எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனத எழுதி வச்சிருக்கேன். பதினோரு பக்கம். நான் எப்பவும் முன்னால இருந்தே வாசிச்சிருதேன்." குரலைத் தாழ்த்தினார். "ஒருக்கா இறக்கிக் குடுங்கண்ணே."

செவத்தியான் துண்டைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்துக்கொண்டார். அப்படி வைத்தால்தான் அவருக்குப் படிப்பு ஓடும். கடைசிப் பக்கத்தில் பந்தலும் நாற்காலிகளும் இருந்தன. எழுத்துக் கூட்டி, நிதானமாக, பக்கம் பக்கமாக இறக்கினார். பந்தல் பிரிந்தது. நாற்காலிகள் வண்டியேறின. ஆஸ்பத்திரி வந்து, கடந்து போனது. முதல் பக்கத்தில் ஓர் ஆள் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார்.

கீழே சைக்கிள் மணி அடித்தது.

தங்கபுஷ்பம் எட்டிப் பார்க்கவில்லை. மேசையைப் பூட்டிக் கைப்பையை எடுத்தார்.

"இன்னைக்கும் பிந்தித்தான் வாராரு," என்றார்.