உப்பு ஜாடியின் சாவி

அன்று அந்தப் பல் டாக்டரின் அறைக்குள் இருந்தவர்கள் நான்கே பேர்: டாக்டரம்மா, நாற்காலியில் சாய்ந்திருந்த மருமகள், அவளுடைய கைப்பையோடு நின்ற நாத்தனார், முதுகு சுவரில் படாமல் உட்கார்ந்திருந்த மாமனார். கதவுக்கு வெளியே காத்திருந்தவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது. பிறகு கண் காது மூக்கு வைத்துக் கதை கட்டியவர்கள் அவர்கள்தான்.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்திருந்தார்கள். ஊசியும் கையுமாக விளக்கை இழுத்து வாய்க்குள் பார்த்த டாக்டரம்மா, ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"ஈறு, கன்னத்து உள்பக்கம் எல்லாம் மை தெளிச்ச மாதிரி கறுத்திருக்கே. எத்தனை நாளா?"

மாமனார் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நாலு மாதமாக அவர் மூடி மறைத்த சங்கதி அது. புகையிலைக் கறை என்று முடிவு கட்டி, மருமகளின் பையைத் தினமும் மகளை விட்டுத் துழாவ வைத்தவர் அவர். ஒரு துணுக்குகூடச் சிக்கவில்லை.

"பல்லை மட்டும் பாருங்க டாக்டர். மத்தது எங்க வீட்டு விஷயம்."

"வாய்க்குள்ள இருக்கறது என் விஷயம், பெரியவரே."

டாக்டரம்மா மருமகளின் கைகளைப் புரட்டினார். விரல் முட்டிகளிலும் உள்ளங்கை ரேகைகளிலும் அதே கறுப்பு. ரத்த அழுத்தம் பார்த்தார். நம்பாமல் மறுபடி பார்த்தார்.

"மேல் அளவே எண்பதுதான் இருக்கு. இப்ப பல்லைத் தொட்டா உயிருக்கே ஆபத்து. ஏம்மா, உப்பை அள்ளித் தின்னணும்னு தோணுமா?"

மருமகள் மாமனாரைப் பார்த்தாள்.

"அப்பா..." என்றாள் நாத்தனார்.

"நீ சும்மா இரு."

பத்து நாளைக்கு முன்பு, மருமகள் உள்ளங்கையில் உப்பை வைத்து நக்கியதை மாடி வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "என்ன சார், மருமகளுக்குச் சோறு போடறதில்லையா? உப்பை நக்குது!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு மாமனாருக்கு முள்ளாகக் குத்தியது. அன்றே உப்பு ஜாடி அலமாரிக்குள் போனது. சமையலுக்கு அவரே அளந்து கொடுத்தார். சாவி இப்போதும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

"யாராவது சொல்லுங்க. இது முக்கியம்."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்..." என்று தொடங்கினாள் மருமகள். மாமனாரின் மானத்துக்காக அவள் சொல்லப்போன பொய் முடியவில்லை. கண் செருகி, தலை துவண்டது.

மாமனார் எழுந்துவிட்டார்.

"தின்னா டாக்டர், மாசக்கணக்கா தின்னா. நான்தான் பூட்டி வச்சேன். பத்து நாளாச்சு."

டாக்டரம்மா திட்ட நேரமில்லாமல் நாற்காலியைத் தலை தாழச் சாய்த்தார். நாத்தனாரை ஆம்புலன்ஸுக்குப் பேசச் சொல்லிவிட்டு, அவசரப் பெட்டியைத் திறந்து ஊசி போட்டார். கையில் சலைன் ஏற்றினார்.

"சிறுநீரகத்துக்கு மேல ஒரு சுரப்பி இருக்கு. அதுல ஹார்மோன் வத்திப்போச்சுன்னு நினைக்கிறேன். இந்தக் கறுப்பும் அதனாலதான். உடம்புல உப்பு தங்காது. அந்த ஒரு கை உப்புலதான் இவங்க இத்தனை நாள் நடமாடியிருக்காங்க."

"இப்ப ஏத்தறது என்ன?" என்றார் மாமனார்.

"உப்புத் தண்ணி."

ஆம்புலன்ஸ் வரும்போது மருமகள் கண் விழித்தாள். "மாமா, பல்லு?"

"அது கிடக்கட்டும் தாயி." சாவியை எடுத்து மகள் கையில் வைத்தார். "அந்த அலமாரியைத் திறந்து போடு."

மாமனார் கொடுமை தாங்காமல் அந்தப் பெண் விஷம் குடித்தாள், வாய் கறுத்தது அதனால்தான் என்று தெருவில் பேசுகிறார்கள். தவறு. அவள் விஷம் குடிக்கவில்லை. பரிசோதனையில் சுரப்பி நோய் உறுதியானது. தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாள். உப்பைப் பூட்டியது மட்டும் உண்மை.