வரைபடத் துறையின் தீர்ப்பு

பெரம்பலூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அமிர்தசாமி கணக்குத் தாளை எல்லாருக்கும் முன்னால் முடித்து எழுந்தான். அதிகாரிக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. ஆனால் அவன் நீட்டிய பட்டாளத்துக் காகிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் அவர் முகம் மாறியது.

"பரீட்சையில பார்த்து எழுதுனதுக்கு வெளியேத்திருக்காங்களே தம்பி. உங்களை நம்பி தஸ்தாவேஜை எப்படிக் கொடுக்கறது?"

"நான் பார்த்து எழுதலைங்க சார்."

"அப்படின்னு காகிதத்துல இல்லையே" என்று மடித்துக் கொடுத்துவிட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தாம் ஆண்டு மே மாதம். அரியலூர் பஸ்ஸில் வரும்போது அமிர்தசாமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இது மூன்றாவது வேலை. மூன்றும் அந்த ஒரே வரியால் போயின.

முந்தின வருஷம் அவனும் அவன் ஊரான வரதராஜன்பேட்டையையே சேர்ந்த லூர்துராஜும் ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வாகி வடக்கே போனார்கள். இருவரும் திருச்சிக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். யுத்த காலமானதால் இரண்டு வருஷப் பாடத்தை ஆறு மாதத்தில் திணித்தார்கள். காலையில் கவாத்து முடிந்து வியர்வை காய்வதற்குள் வகுப்பு. ஆங்கிலத் துறையில் கட்டுரை, மொழித் துறையில் ஆங்கில எழுத்தில் எழுதிய உருது, பிறகு ராணுவச் சட்டம், கணக்கு, வரைபடம். ஆங்கிலக் கட்டுரையில் லூர்துராஜ்தான் முதல். அமிர்தசாமி எழுந்து பேசினால் வகுப்பே சிரிக்கும். ஆனால் வரைபடத் துறையில் அவன் ராஜா. காகிதத்தில் நெளிந்து கிடக்கும் கோடுகளைப் பார்த்தால் மேடும் பள்ளமும் அவன் கண்ணுக்கு முன்னால் எழுந்து நிற்கும்.

முடிவுத் தேர்வில் ஒரு குன்றின் சரிவைக் கணக்கிட வேண்டும். அவசரத்தில் அமிர்தசாமி ஓர் ஓடையின் உயரத்தை 430 அடிக்குப் பதில் 340 என்று எழுதிவிட்டான். பக்கத்தில் இருந்த லூர்துராஜின் தாளிலும் அதே 340. வகுப்புப் பக்கமே வராத துறைத் தலைவரான மேஜர் இரண்டு தாள்களையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு அமிர்தசாமியை மட்டும் கூப்பிட்டார்.

"நேராக ஒரு வாக்கியம் பேசத் தெரியாதவன் இந்தக் கணக்கைப் போட்டிருக்க முடியாது" என்றார். அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். ஆங்கிலத்தில் முதல் சொல்லைத் தேடுவதற்குள் அவர் கையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

முந்தின வாரம்தான் சட்ட வகுப்பில் பாடம் நடந்திருந்தது: குற்றம் சாட்டப்பட்டவன் சொல்வதை முழுதாகக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது. குறிப்பேட்டில் எழுதிய மசிகூட மங்கவில்லை. அடுத்த நாள் அவன் ரயிலில் இருந்தான்.

பஸ் அரியலூரில் நின்றது. ஊருக்குப் போனதும் அவன் தன் வீட்டுக்குப் போகவில்லை. விடுப்பில் வந்திருந்த லூர்துராஜின் வீட்டுக்கு நேராகப் போனான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு புதிய ராணுவ அதிகாரிக்கு மாலை போடப்போவதாக ஊரே பேசிக்கொண்டிருந்தது.

லூர்துராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தங்கை லீலா மேரி பரிமாறினாள். அவள் ஆசிரியப் பயிற்சி முடித்தவள்.

"லூர்து, அந்த 340 யாரோடதுடா?" என்றான் அமிர்தசாமி, வாசலில் நின்றபடியே.

லூர்துராஜின் கை இலையில் நின்றது. அவன் அப்பா உள்ளேயிருந்து வந்தார்.

"தம்பி, பொறாமையில பேசாத. என் மவனைப் பார்த்துதான் நீ எழுதுனேன்னு பெரிய துரையே தீர்ப்பு சொல்லிட்டாரு."

"துரை சொன்னாருங்க. உங்க மவனைச் சொல்லச் சொல்லுங்க."

லீலா மேரி குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, அண்ணனுக்குக் கணக்கு வராது. அண்ணனைவிட ரெண்டு வகுப்பு கீழ படிச்ச நான்தான் வூட்டுக்கணக்கு போட்டுக் கொடுத்தேன். உங்களுக்குத் தெரியாதா?"

"நீ உள்ள போ!"

"போவ மாட்டேன். அண்ணே, நீ சொல்லு."

லூர்துராஜ் தலை நிமிராமல் சொன்னான்: "நேரம் முடியப்போச்சு. கை ஓடல. அவன் தாள் தெரிஞ்சுது. பார்த்துட்டேன்."

அமிர்தசாமி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தான். "நான் பொட்டி கட்டுறப்ப நீ பக்கத்துலதானடா நின்ன? கயிறுகூட எடுத்துக் கொடுத்தியே?"

"என்னை யாரும் கேக்கல அமிர்தம்."

"கேக்கலன்னா வாய் இல்லையா? இங்கிலீசு உனக்குத்தான் நல்லா வருமே!"

லீலா மேரி காகிதமும் பேனாவும் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா கத்தினார், பிறகு கெஞ்சினார், கடைசியில் தலையில் அடித்துக்கொண்டார். லூர்துராஜ் கை கழுவிவிட்டு, நடந்ததைப் பயிற்சிப் பள்ளிக்கு எழுதினான். அவள் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்து, தானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு யாரும் மாலை போடவில்லை. பையனுக்குக் காய்ச்சல் என்று அப்பா ஊருக்குச் சொன்னார்.

பதில் வர ஐந்து மாதமாயிற்று. அதற்குள் யுத்தமே முடிந்துவிட்டது. லூர்துராஜுக்குக் கண்டிப்புக் கடிதமும் வேறு படைப்பிரிவுக்கு மாற்றலும் வந்தன. உத்தியோகம் போகவில்லை. அமிர்தசாமிக்கு வந்தது நான்கு வரி. குறிப்பு நீக்கப்படுகிறது, பயிற்சி வகுப்புகள் நிறைவடைந்துவிட்டதால் மீண்டும் சேர்க்க இயலாது. வருந்துகிறோம் என்ற சொல்லைத் தேடி அவன் காகிதத்தின் பின்பக்கத்தையும் பார்த்தான்.

கிறிஸ்துமஸுக்கு வந்த லூர்துராஜ் அவனைக் கோயில் வாசலில் நிறுத்தினான்.

"எப்படியோ உன் பேரு சுத்தமாயிடுச்சுல்ல? எனக்கு அதுலதான் ஆறுதல்."

"சுத்தமாத்தான்டா இருந்துச்சு" என்றான் அமிர்தசாமி. "அழுக்காக்குனது நீங்க. தொடைச்சதுக்கு நான் கும்புடணுமா?"

லூர்துராஜ் நீட்டிய கை அப்படியே நின்றது. அமிர்தசாமி அவனைத் தாண்டி, உள்ளே தொடங்கிவிட்ட பூசைக்குப் போனான்.