தாழ்ந்த சமையல் மேடை

என் மனைவி ஜோஸ்லின் தவக்காலத்தில் இறந்துபோனாள். அதிலிருந்து என் வாயில் ஒரே சொல்தான். சரி. கோயில்காரர்கள் வந்து பாட்டுக்குழுவுக்கு அவள் ஆர்மோனியத்தைக் கேட்டார்கள், சரி என்றேன். பக்கத்து வீட்டு ஷீனா தினமும் சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறாள், அதற்கும் சரிதான். என்ன குழம்பு என்றுகூடத் தெரியாமல் சாப்பிடுகிறேன். அழுகையும் வரவில்லை. யாரோ மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனது போல் இருக்கிறது.

மகன் மேக்ஸ்வெல் போர்ச்சுகலில் வேலை பார்க்கிறான். அங்கே கடற்கரையோரம் மனை வாங்கி, வீடு கட்டி, எங்கள் இருவரையும் கூட்டிப்போய் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அம்மா இருக்கும்போதே வீட்டுக்கு வரைபடமும் போட்டுவிட்டான். நாளைக்கு அந்த மனைக்குக் கிரயம். இன்று மத்தியானம் வீடியோவில் வந்தான்.

"பாருங்கப்பா, இதுதான் இடம். அந்தக் கடைசீல தெரியறது கடல்."

தரை தோசைக்கல் மாதிரி கிடந்தது. இங்கே மலைமேல் கிளியூரில் எங்கள் வீடு மேட்டில் முதுகைச் சாய்த்து நிற்கும். வாசல் பள்ளத்தைப் பார்க்கும். எஸ்டேட்டில் ரைட்டராகக் கணக்கு எழுதிய காலம் முழுக்க யாருக்கும் நான் கிழக்கு மேற்கு என்று வழி சொன்னதில்லை. மேலே, கீழே, அவ்வளவுதான்.

"மேடு எந்தப் பக்கம் சாமி?"

"இங்க மேடே இல்லீங்கப்பா. எல்லாம் சமதரைதான்."

"சரி."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எல்லாத்துக்கும் சரி சரின்னா எப்படீங்கப்பா? நீங்க வர்றதா இருந்தாத்தான் நான் இந்த இடத்தை வாங்கறது. இல்லைன்னா எனக்கெதுக்கு ஊடு? உங்களத் தனியா உட்டுட்டு இங்க தூக்கமே வர்றதில்லை. மனசத் தொட்டுச் சொல்லுங்க, வருவீங்களா?"

போவதும் இருப்பதும் எனக்கு ஒன்றாகத்தான் பட்டது. பெற்ற பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது?

அவன் கையிலிருந்த வரைபடத்தை விரித்தான். "இன்னொண்ணுங்கப்பா. அம்மா குள்ளம்னு சமையல் மேடையத் தாழ்வாப் போட்டு வெச்சிருந்தேன். இப்ப... உசத்திரச் சொல்லட்டுங்களா?"

திரும்பி எங்கள் அடுப்படியைப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் மேடை எட்டாமல், பலகை போட்டு அதன்மேல் நின்று சமைப்பாள். ஒருநாள் பலகை வழுக்கிவிட்டது. மறுநாளே கொத்தனார் மாரியப்பனைக் கூட்டிவந்து மேடையை இடித்துத் தாழ்த்திக் கட்டினேன். போகிற வருகிறவர்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள், பைத்தியக்காரி.

"வேண்டாம்" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அப்பா?"

"உசத்தாத கண்ணு. உங்கம்மா உசரத்துக்கே இருக்கட்டும்."

"அதுல யாருங்கப்பா நின்னு சமைக்கறது? குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடிஞ்சு போயிருமே."

"நான் வந்து குனிஞ்சுக்கறேன்."

அவன் போனைக் கீழே வைத்துவிட்டான் போலிருக்கிறது. திரையில் அந்த ஊர் வானம் மட்டும் தெரிந்தது. அவன் அழுவது கேட்டது. எனக்கும் கண் எரிந்தது. ஷீனா வைத்துவிட்டுப் போனது கருவாட்டுக் குழம்பு என்று அப்போதுதான் மூக்குக்குத் தெரிந்தது.