நாற்பது பக்கமும் ஒரு குப்பை வாளியும்

...எளிமையாம் எளிமை, யார் கேட்டார்கள் எளிமையை, விளக்கு அணையும் முன் மேடையேறி அந்த இயக்குநர் பெண் என்ன சொன்னாள், இனி இந்த நாவலைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாமாம், பயப்படட்டுமே, பயந்துதானே இத்தனை காலமும் அவர் வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்... பேராசிரியர் இருட்டில் முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் அவரும் பேச வேண்டும், எடுத்த எடுப்பிலேயே இவளைக் கிழித்துத் தொங்கவிட்டால்தான் மனசு ஆறும். அறுநூறு பக்கம், முற்றுப்புள்ளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அதைப் போய் இரண்டு மணி நேரத்தில்... பக்கத்தில் மனைவி காலை நீட்டிச் சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள், சினிமா பார்க்க வந்தவள் மாதிரி. சினிமாதான், சரி, இருந்தாலும் ஒரு இது வேண்டாமா?

இதோ கதவுக் காட்சி. அண்ணன் செத்த செய்தியை அண்ணியிடம் சொல்ல வந்தவன் கதவைத் தட்டாமல் நிற்கும் நாற்பது பக்கம், அதன் தோளில் ஏறித்தான் அவர் முனைவரானார். திரையில் அவன் கையைத் தூக்கினான், இறக்கினான், காலரைச் சரிசெய்தான், மறுபடி தூக்கினான், கதவு திறந்தது, அண்ணி அவன் முகத்தைக்கூடப் பாராமல் தூக்கிய கையில் குப்பை வாளியை மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அரங்கமே கொல்லென்று சிரித்தது. அடப்பாவிகளா, அந்த வாளி நாகரிகத்தின் எச்சம், ஆய்வேட்டின் மூன்றாம் இயல் முழுக்க அதுதான்... அந்த இயக்குநர் தானாகச் சேர்த்ததோ என்றால் அதுவுமில்லை, நாவலில் அப்படியே இருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

மனைவி சிரித்துக் கலங்கிய கண்ணைத் துடைத்தபடி அவர் பக்கம் சாய்ந்தாள். "என்னங்க, கல்யாணமான புதுசுல எனக்குப் படிச்சுக் காட்டினது இதுதானே? நான் சிரிச்சுட்டேன்னு பட்டுன்னு மூடிட்டுப் போயிட்டீங்க."

"அது சிரிக்கிற இடமில்ல."

"அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க."

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு வரி படித்துக் காட்டியதில்லை, அவளுக்கு இலக்கியம் ஏறாது என்று கூடத்தில் நண்பர்களிடம் எத்தனை தடவை, அவள் தேநீரோடு வரும்போதே... கேட்டிருப்பாளோ? கேட்டுவிட்டுத்தான் சர்க்கரை போதுமா என்று விசாரித்தாளோ? அன்றைக்கு அவள் சிரித்தது அவரைப் பார்த்து இல்லையா, வாளியைப் பார்த்தா, அப்படியானால் இத்தனை வருஷமும்... திரையில் அவன் வாளியோடு படியிறங்கத் தொடங்கினான். அடுத்த வரி என்ன, அதற்கடுத்த வரி என்ன, எல்லாம் அவருக்கு மனப்பாடம். எந்த வரியில் சிரிப்பார்கள் என்பதுதான் தெரியவில்லை. பக்கத்தில் மனைவியின் தோள் அதற்குள் குலுங்க ஆரம்பித்திருந்தது.