கண்ணாடி வீட்டின் தலைவி

எங்கள் பல்கலைக்கழகத்து மகளிர் மன்றத்துக்குத் தேர்தல் கிடையாது. துணைவேந்தர் யாரோ, அவருடைய மனைவிதான் தலைவி. அவர் பதவி முடிந்து பெட்டி கட்டும்போது இவரும் கட்டிவிடுவார். அடுத்தவர் வருவார். வந்தவர், "என் காலத்தில் இது" என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார். அன்றிலிருந்து மன்றத்தின் சமூக சேவை அதுதான். முந்தையதை நிறுத்தும்படி யாரும் சொல்வதில்லை. மழை நிற்பதுபோல அது தானாக நின்றுவிடும்.

அதனால் வளாகத்தைச் சுற்றி நடந்தாலே ஒவ்வொரு தலைவியின் காலமும் கண்ணில் படும். மன்றத்துக் கொட்டகையில் துருவேறிக் கிடக்கும் தையல் மிஷின்கள், அடுகோடிப் பெண்களுக்கு வகுப்பு நடந்த காலத்தவை. மைதானத்தை ஒட்டிய சில்வர் ஓக் மரங்கள், மரம் நடுவதில் ஆசை கொண்ட ஒரு அம்மாவுடையவை. கண் பரிசோதனை முகாம் நடத்தியவர் விட்டுப்போனது, மேலிருந்து கீழே எழுத்து சிறுத்துக்கொண்டே போகும் ஒரு அட்டை. அது மங்களம் சித்தியின் ஹாலில் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கியது. சித்தி தினமும் காலையில் காபியுடன் நின்று அதன் கடைசி வரியைப் படிக்க முயன்று தோற்பாள்.

சித்தப்பா புள்ளியியல் பேராசிரியர். சித்தி மன்றத்தின் செயலாளர். செயலாளர் மட்டும் மாறுவதில்லை. "தலைவிங்க எல்லாம் ரயில் மாதிரி அனு. நான் பிளாட்பாரம்" என்பாள். பி.ஏ. முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல், தொண்ணூற்றாறாம் வருடம், வேலூரிலிருந்து, கன்னடம் பேசும் இந்த ஊரில், அவள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தேன் நான்.

அது கண்ணாடி வீட்டின் காலம்.

புதிய நூலகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அங்கே வேலை செய்தார்கள். அவர்களுடைய குழந்தைகளுக்காக, அப்போதைய தலைவி, தாவரவியல் துறை பூட்டி வைத்திருந்த பழைய கண்ணாடி வீட்டைக் கேட்டு வாங்கினார். முன்பு பெரணிச் செடிகள் தொங்கிய இரும்புக் கம்பிகளில் இப்போது தூளிகள் தொங்கின. பேராசிரியர் மனைவிகள் கொடுத்த பழைய பட்டுச்சேலைகள் அவை. மாம்பழ நிறம், மயில்கழுத்து நிறம், ஓரம் இற்றுப்போன மைசூர் சில்க். பாசி படிந்த கண்ணாடி வழியாக மதிய வெயில் பச்சையாக இறங்கும்போது, குளத்தின் அடியிலிருந்து மேலே பார்ப்பதுபோல இருக்கும். பெரிய பெரிய மீன்கள் வயிற்றில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும்.

நான் அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பேன். அவற்றில் எப்போதும் பனி பெய்தது. யாராவது ஒரு சிறிய ஸ்டேஷனில் இறங்கி, வராத வண்டிக்காகக் காத்திருந்தார்கள். பக்கத்தைத் திருப்பும்போது ஏதாவது ஒரு தூளி சிணுங்கும். கயிற்றை இழுத்துவிட்டு மறுபடி பனிக்குள் போவேன். சில நாள் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்றே தெரியாது.

நூலகக் கட்டடத்தில் சித்தாள் வேலை செய்த அஞ்சலைக்கு அது தெரிந்திருந்தது. "ஏம்மா, பொஸ்தகத்துப் பொண்ணே" என்பாள், தலையில் சும்மாட்டுடன் வாசலில் நின்று. "பெரிய புள்ளைங்களுக்கு என்னா கத சொன்ன நீ? ஊரெல்லாம் உப்பு மாரி பனி கொட்டுதுன்னியாமே. ராவெல்லாம் குளுருது குளுருதுன்னு ஒரே அழுவ. நீ வந்து போத்தி வுடுறியா?"

அவள் மகன் அய்யாவுக்கு ஒன்றரை வயது. கண்ணாடி வீடு வருவதற்கு முன்னால் அவனை மணல் குவியலுக்குப் பக்கத்தில், தண்ணீர் டிரம்மோடு சேர்த்து, கணுக்காலில் கயிறு கட்டி உட்கார வைத்துவிட்டுத்தான் அவள் மேலே ஏறுவாள். முன்பு வேலை செய்த பொம்மனஹள்ளிக் கட்டடத்தில், மூடாத தண்ணீர்த் தொட்டியில் ஒரு குழந்தை விழுந்துவிட்டது. அதைத் தூக்கும்போது அஞ்சலை பக்கத்தில் நின்றிருந்தாள். அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் சொன்னாள். அய்யாவுவின் கணுக்காலைச் சுற்றி ஒரு வெளுத்த கோடு இன்னும் இருந்தது.

ஜூலையில் பழைய துணைவேந்தர் போனார். தலைவியும் போனார்.

"புது அம்மா வந்தா இத மூடிடுவீங்களாமே?" என்றாள் அஞ்சலை. வேடிக்கைப் பேச்சு இல்லாமல் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. பக்கத்துத் தூளியின் கயிற்றை இழுத்துவிட்டேன். "அந்தத் தலைவியின் காலம் வரைக்கும்" என்று சொல்லித்தான் தாவரவியல் துறை கண்ணாடி வீட்டைக் கொடுத்திருந்தது. துறைத்தலைவர் மஞ்சுநாத் ஆர்க்கிட் பூச்செடிகள் வளர்க்கக் காத்திருந்தார். வாசலில் தொட்டிகள் வந்து இறங்கியும்விட்டன.

வீட்டில் சித்தியிடம் கேட்டேன். "புதுத் தலைவிகிட்ட முதல் நாளே சொல்லிடேன் சித்தி. இதையே தொடரலாம்னு."

"முதல் நாள் பழைய தலைவியோட வேலையைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. வழக்கம். ஒரு தடவை யாரோ தையல் கிளாஸைப் பத்திப் பேசப்போய், மரம் நட்ட அம்மா ஒரு மாசம் மீட்டிங்குக்கே வரல. வர்றவங்க வாயால என்ன வருதோ அதுதான்."

"அப்ப அஞ்சலை கயிறு கட்டணுமா?"

சித்தி கண் பரிசோதனை அட்டைக்கு முன்னால் போய் நின்றாள். அட்டையின் கடைசி வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரவேற்பு நாளன்று மன்றம் முழுவதும் பட்டுச்சேலையில் துணைவேந்தர் பங்களாவுக்குக் கிளம்பியது. முன்னால் மூத்த பேராசிரியர்களின் மனைவிகள், பின்னால் ரீடர் பதவியில் இருப்பவர்களின் மனைவிகள், கடைசியில் விரிவுரையாளர்களின் மனைவிகள். தாம்பாளத்தில் பழம், பூ, குங்குமம், சால்வை. தாம்பாளத்தைத் தூக்க ஒரு கை வேண்டுமென்று என்னையும் கூட்டிப்போனார்கள். வரவேற்புரை பொருளாளர் மிஸஸ் ஓஸ்வால்டுடையது. லிங்கராஜபுரத்துக்காரர். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் மூச்சுவிடாமல் பேசுவார்.

கதவைத் திறந்தவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர். நூல் சேலை, ஈரத்தலை, கையில் ஒரு அட்டைப்பெட்டி. எங்களைப் பார்த்துத் திகைத்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். "யாரு பேக்கு?"

"நீவே பேக்கு மேடம்!" என்றார் மிஸஸ் ஓஸ்வால்ட். நீங்கள்தான் வேண்டும். அவ்வளவுதான், பூ கழுத்தில் விழுந்தது, குங்குமம் நெற்றியில் ஏறியது, அட்டைப்பெட்டியோடு சேர்த்துச் சால்வை சுற்றப்பட்டது. யாரும் பெயர் கேட்கவில்லை. எங்கள் மன்றத்தில் தலைவிக்குப் பெயர் தேவைப்பட்டதே இல்லை. மேடம் என்றால் அவர்தான்.

உரை முடிந்தது. இனி அவர் சொல்லவேண்டிய நேரம். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். சித்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் எங்களுக்கு மேலே, மரங்களுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தமிழில் கேட்டார். "அதோ மினுங்குதே, அது என்ன? குளமா?"

"குழந்தைங்க தூங்குற இடம்" என்று சொல்லிவிட்டேன். சித்தி என் முழங்கையைக் கிள்ளினாள்.

"போய்ப் பார்க்கலாமா?"

சால்வையோடு அவர் முன்னால் நடந்தார். பட்டுச்சேலைகள் வரிசை கலையாமல் பின்னால் போயின.

நடு மதியம். எல்லாத் தூளிகளும் கனத்துத் தொங்கின. அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். ஒவ்வொரு தூளியாக எட்டிப் பார்த்தார். என் மூலைக்கு வந்தபோது, என்னுடைய பாயைக் காட்டி, "கொஞ்சம் உட்காரட்டுமா? ராத்திரி முழுக்க ஹூப்ளி ரயில்ல நின்னுக்கிட்டேதான் வந்தேன்" என்றார். உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்தார். தூங்கிவிட்டார்.

தலைவி தூங்கும்போது மன்றம் என்ன செய்யவேண்டும் என்று வழக்கம் எதுவும் இல்லை. வாசலில் இருந்த ஆர்க்கிட் தொட்டிகளை உள்ளே கொண்டுவந்து கவிழ்த்து, அவற்றின் மேல் எல்லாரும் உட்கார்ந்தார்கள், அங்கேயும் கணவர்களின் பதவி வரிசையில். பெரிய தொட்டிகள் முன்னால், சின்னவை பின்னால். பச்சை வெளிச்சம் அவர்களுடைய சரிகைகளிலும் ஏறியது. மிஸஸ் ஓஸ்வால்டின் தலை மெல்லச் சாய்ந்தது. சித்தி கொட்டாவி விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நான் பார்த்தபோது பாதி மன்றம் தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே சிமெண்ட் கலக்கும் சத்தம், வேறொரு நாட்டில் ஓடும் ரயில்போலக் கேட்டது.

சாப்பாட்டு நேரத்தில் அஞ்சலை வந்தாள். பட்டுக்கூட்டத்தைப் பார்த்து வாசலில் தயங்கினாள். பிறகு நேராக மகனிடம் போனாள். அவன் விழித்துச் சிணுங்கிக்கொண்டிருந்தான். அவள் கை கழுவிவிட்டு வரும்வரை தூளி ஆடவேண்டும். பாயில் சாய்ந்திருந்தவரின் தோளைத் தட்டி, கையில் கயிற்றைத் திணித்தாள்.

"இந்தாக்கா, தூங்குறதுன்னா தூங்கு. கயித்த மட்டும் வுட்டுடாத."

தலைவி கண்ணைத் திறக்காமலேயே இழுத்தார். விட்டார். இழுத்தார்.

அப்போதுதான் துணைவேந்தர் வந்தார். கூட மஞ்சுநாத். பூச்செடிகளைப் பற்றிப் பேசியபடி உள்ளே நுழைந்தவர், பாயைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அக்கா! இங்கயா இருக்கே? வீடு திறந்து கிடக்கு."

தொட்டிகளின் மேல் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விழித்துக்கொண்டார்கள்.

"அக்காவா?" என்றார் மிஸஸ் ஓஸ்வால்ட். "அப்போ மேடம்? உங்க மிஸஸ்?"

"எனக்குக் கல்யாணமே ஆகலையேம்மா" என்றார் துணைவேந்தர், ஏதோ பாடத்தில் தோற்றுவிட்டவர்போல. "இது என் அக்கா யசோதா. வீட்டை ஒழுங்கு பண்ணிக் கொடுக்க வந்திருக்கா. ஞாயித்துக்கிழமை ஹூப்ளிக்குத் திரும்பிடுவா."

மஞ்சுநாத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்போ தலைவியே கிடையாது. பழைய தலைவியோட காலமும் முடிஞ்சாச்சு. நல்லதாப் போச்சு, நாளைக்கே செடிகளை உள்ளே வைக்கச் சொல்றேன். அந்தச் சேலைகளை எல்லாம் அவிழ்த்துடுங்க."

அஞ்சலை கழுவிய கையை உதறாமல் நின்றாள். மஞ்சுநாத் பேசியது அவளுக்குப் புரியாத கன்னடம். ஆனால் அவர் கை காட்டிய திசை தூளிகள்.

யசோதா எழுந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. "நீங்க யாருன்னு நெனச்சு இதைப் போட்டீங்கன்னு எனக்கு நடுவுலயே புரிஞ்சுது. சொல்லியிருக்கணும். யாரும் எனக்கு இதெல்லாம் போட்டதில்ல. கொஞ்ச நேரம் இருக்கட்டுமேன்னு..." என்று சால்வையின் நுனியைப் பிடித்தார்.

"கழட்டாதீங்க!"

சித்தியின் குரல் அது. இரண்டு குழந்தைகள் விழித்து அழுதன.

"கழட்டாதீங்கம்மா" என்றாள் மறுபடி, குரலை இறக்கி. பிறகு மஞ்சுநாத்திடம் திரும்பினாள். "சார், எங்க மன்றத்துக்கு எழுதி வெச்ச விதியே கிடையாது. எல்லாம் வழக்கம்தான். துணைவேந்தர் வீட்டு வாசல்ல வெச்சு யாருக்குச் சால்வை போடறோமோ அவங்கதான் தலைவி. போட்டாச்சு. ஊரே பார்த்தாச்சு."

"அவங்கதான் ஞாயித்துக்கிழமை போறாங்களே!"

"போகட்டும். தலைவி ஊர்ல இல்லன்னா எதையும் மாத்த யாருமில்ல. மாத்தலன்னா இருக்கறது இருக்கும்."

"இது என்ன நியாயம்?" என்று மஞ்சுநாத் துணைவேந்தரைப் பார்த்தார். துணைவேந்தர் வாயைத் திறந்தார்.

"சார், மன்னிக்கணும்" என்றார் மிஸஸ் ஓஸ்வால்ட், தொட்டியிலிருந்து எழாமலே. "இது மகளிர் மன்றம். நீங்க மெம்பர் இல்ல."

யாரோ ஒரு விரிவுரையாளரின் மனைவி, கடைசிச் சின்னத் தொட்டியிலிருந்து, களுக்கென்று சிரித்தாள். அது வரிசையில் முன்னால் பரவியது.

சித்தி யசோதாவிடம் வந்தாள். சிரிக்கவில்லை. "நீங்க வாயால சொன்னாத்தான் செல்லும்மா. உங்க காலத்துல என்ன?"

யசோதா சுற்றிலும் பார்த்தார். கயிறு இன்னும் ஒரு கையில் இருந்தது. தம்பியைப் பார்த்தார். என் நாவல்களில் இப்படி ஒரு பக்கம் வரும். பனி கொட்டும் ஸ்டேஷனில் வண்டி வரும் சத்தம் கேட்கிறதா என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் பக்கம் அது.

"என் காலத்துல" என்றார் மெதுவாக, "இவங்க தூங்கட்டும்."

மஞ்சுநாத் தன் தொட்டிகளில் ஒன்றைக் கேட்டு வாங்கினார். உட்கார்ந்திருந்தவர் எழுந்து கொடுக்க, அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

நடந்ததை நான் அஞ்சலையிடம் சொன்னேன். தலைவி, வழக்கம், சால்வை, எல்லாவற்றையும். அவள் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். நாளைக்கு மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடுறாங்க. விடியறதுக்கு முன்னாலேயே ஆளுங்க வந்தாவணும். இத யாரு தொறப்பீங்க?"

பட்டுச்சேலைகள் ஒன்றையொன்று பார்த்தன. கண்ணாடி வீடு எப்போதும் பத்து மணிக்கு, கணவர்களுக்கு டிபன் கட்டி அனுப்பிய பிறகுதான் திறக்கும். பத்து மணி வரைக்கும் குழந்தையை அவள் என்ன செய்தாள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"நான் தொறக்கறேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மறுநாள் இருட்டு பிரிவதற்குள் கிளம்பினேன். புத்தகத்தை எடுத்துப்போக மறந்துவிட்டேன். வளாகம் முழுவதும் மூடுபனி. சில்வர் ஓக் மரங்களுக்குக் கால் மட்டும் இருந்தது. வழி தெரியாமல் கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தால், கண்ணாடி வீட்டு வாசலில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். யசோதா. பக்கத்தில் பிளாஸ்க், மடியில் ஒரு கட்டுத் துணி.

"சாவி உங்கிட்டத்தானே இருக்கு. சீக்கிரம் தொற" என்றார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான்தானே தலைவி."

திறந்தேன். கண்ணாடிகள் உள்ளே வியர்த்திருந்தன. அவர் ஒரு துணியால் துடைக்கத் தொடங்கினார். துடைத்த இடத்தில் வட்டமாக வெளி தெரிந்தது. அந்த வட்டத்துக்குள் பனியிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் சும்மாடு, பிறகு தோள், பிறகு இடுப்பில் தூங்கும் ஒரு தலை.

அஞ்சலைதான் முன்னால் வந்தாள். யசோதாவை அடையாளம் தெரிந்ததா தெரியவில்லையா என்று முகம் காட்டவில்லை. குழந்தையைத் தூக்கி அவர் கையில் வைத்தாள்.

"பாத்துக்கக்கா. பல்லு மொளைக்குது, கடிப்பான்."

அதற்குள் மேஸ்திரி கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.