பல்கனியில் ஆறு வாளி

பன்வில தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் கவாத்து வெட்டிய மூக்கையா, முழங்கால் வலியால் வேலையை விட்டுவிட்டு, கட்டுகஸ்தோட்டையில் மகள் யசோதினி வாடகைக்கு இருந்த மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இரண்டு அறை, ஒரு குசினி, மூன்றடி அகலத்தில் ஒரு பல்கனி. வந்த மறுநாளே யசோதினி ஆறு பழைய பெயின்ட் வாளிகளையும் இரண்டு மூட்டை மண்ணையும் பல்கனியில் கொண்டுவந்து இறக்கினாள். தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சர்மாரிடமும் சொல்லிவிட்டாளாம்: அப்பா தோட்டத்து ஆள், இனிமேல் பச்சைமிளகாய்க்குக் கடைக்குப் போகத் தேவையில்லை.

மூக்கையா ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு பலமுறை நினைத்தார். அவர் வெட்டிய தேயிலை அவர் பிறப்பதற்கு முன்பே அந்த மலையில் நின்றது. எந்தக் கிளையை எந்த உயரத்தில் வெட்டுவது என்று அவருக்குத் தெரியும். தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த மரக்கறிப் பாத்தியைப் பார்த்துக்கொண்டது அவர் மனைவி. அவள் இறந்து நாலு வருஷமாகிறது. விதை போட்டு ஒரு செடியை அவர் வளர்த்ததே கிடையாது.

முதலில் போட்ட மிளகாய் விதை நன்றாகவே முளைத்தது. காலையிலும் மாலையிலும் மறக்காமல் தண்ணீர் ஊற்றினார். இரண்டு வாரத்தில் நாற்றுகள் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தன. மண் சரியில்லை என்றார். யசோதினி வேறு மண் வாங்கி வந்தாள். அதுவும் அப்படியே போனது. மழைதான் காரணம் என்று அடுத்த தடவை வாளிகளை உள்ளே ஜன்னலோரம் வைத்தார். ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். நாற்றுகள் வெளிச்சத்தைத் தேடி நூல்போல நீண்டு, ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. முன்னறையில் நடக்க இடமில்லாமல் யசோதினி இரண்டு முறை வாளியில் காலை இடித்துக்கொண்டாள். அவள் வாய்விட்டு எதுவும் சொல்லாததுதான் அவருக்கு அதிகம் எரிச்சலாக இருந்தது.

நாலாவது முறை அவரே பஸ் ஏறிப் போய் வளர்ந்த கன்றுகளாக வாங்கி வந்து பல்கனியில் நட்டார். அடி இலைகள் மஞ்சளானாலும் நாலு கன்று பூத்தது. ஒரு சனிக்கிழமை காலை தேத்தண்ணி குடிக்க உள்ளே போனார். திரும்பி வருவதற்குள் பின்மலையிலிருந்து குரங்குகள் இறங்கியிருந்தன. எல்லாக் கன்றையும் வேரோடு பிடுங்கிப் போட்டு, ஒரு வாளியைக் கீழ்வீட்டு முற்றத்தில் தள்ளிவிட்டிருந்தன.

சத்தம் கேட்டு யசோதினி வந்தாள். சிதறிக் கிடந்த மண்ணைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய மலையில வேல செஞ்சிட்டு, ஆறு வாளியப் பாத்துக்க முடியலயாப்பா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனாலும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுக் கைரியா விழுந்த வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் சேறாகிவிட்டது என்று குறைபட்டுக்கொண்டே வாளியைக் கீழே வைத்தவள், அதன் அடியைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ஓட்டையே இல்லையே அண்ணன். தண்ணி எங்கால போற?"

மற்ற ஐந்தையும் மூவரும் சாய்த்துப் பார்த்தார்கள். ஒன்றிலும் துளை இல்லை. அடியில் அழுகின மண் நாறியது. அப்பாவே துளை போட்டிருப்பார் என்று யசோதினி நினைத்திருந்தாள். துளை போட வேண்டும் என்பதே மூக்கையாவுக்குத் தெரியாது.

"எனக்குக் கவாத்து மட்டுந்தான் புள்ள தெரியும்," என்றார். "மரக்கறியெல்லாம் ஒங்கம்மா பாத்தது. நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்ட. நான் என்னன்னு சொல்றது?"

யசோதினி விறுவிறென்று உள்ளே போனாள். கோபித்துக்கொண்டாள் என்றே அவர் நினைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு நீள ஆணியைக் குறட்டில் பிடித்து, கேஸ் அடுப்பில் சூடாக்கிக்கொண்டு வந்தாள். அவர் வாளியைக் கவிழ்த்துப் பிடிக்க, அவள் துளை போட்டாள். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வீடு முழுக்க நிறைந்தது.

மறுநாள் கைரியா தன் வீட்டுப் புதினாத் தண்டு கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தாள். குரங்கு அதைத் தொடுவதில்லையாம். அது இரண்டு வாளியில் பிடித்துக்கொண்டது. மிச்சம் நாலில் மறுபடியும் மிளகாய் நட்டு, பல்கனிக்குக் கம்பிவலை அடித்தார்கள். முதல் வாரமே குரங்குகள் வலையின் ஒரு மூலையைப் பிய்த்து இரண்டு கன்றைக் கொண்டுபோயின. மூக்கையா வாயில் வந்தபடி அவற்றைத் திட்டினார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு ஏறி நின்று, வலிக்கிற காலோடு, அந்த மூலையை இரட்டைக் கம்பி போட்டு முறுக்கினார். யசோதினி கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.